என் நண்பனைப் பற்றி எல்லோரும் கேட்கும் கேள்விகள்

பத்தொன்பது வருடங்களாக எனக்கு ஒரு நண்பன் இருக்கிறான். அவனை முதல் தடவை பார்க்கிறவர்கள் அன்றைய பொழுது முடிவதற்குள் என்னைத் தனியாக அழைத்து ஏதாவது ஒரு கேள்வி கேட்டுவிடுவார்கள். என் அத்தை கேட்டிருக்கிறார், மைத்துனன் கேட்டிருக்கிறான், வேலை செய்யும் இடத்தில் கேட்டிருக்கிறார்கள், ஒரு தடவை லிஃப்டில் கூட வந்த முன்பின் தெரியாத ஒருவர்கூடக் கேட்டார். கேள்விகள் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். ஆனால் நான் ஒவ்வொரு தடவையும் அவசரத்தில் அரைகுறையாக ஏதோ சொல்லிவிட்டு, அப்புறம் வீட்டுக்கு வந்து ‘இப்படிச் சொல்லியிருக்கலாமே’ என்று நினைத்துக்கொண்டிருப்பேன். அதனால் இப்போது உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். அவன் பெயரைப் போடவில்லை, தெரிந்தவர்களுக்கு யாரென்று தெரியும்.

உங்க ஃபிரெண்ட் ஏன் அப்படி இருக்கார்?

‘அப்படி’ என்றால் எப்படி என்று திருப்பிக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை, கேட்டதற்கு உடனே பதில் வருவதில்லை, கூட்டம் என்றால் சுவரோரமாகப் போய் நின்றுகொள்கிறான், எப்போதும் ஒரே மாதிரி சட்டை. பேசும்போது கை சும்மா இருக்காது, கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்நுனிகளையும் வரிசையாகத் தொட்டுக்கொண்டே இருப்பான், ஆள்காட்டி விரலில் ஆரம்பித்துச் சுண்டுவிரல் வரை போய் அதே வழியில் திரும்பி வருவான். ஏதோ எண்ணுகிறான் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். எண்ணவில்லை. கவனம் சிதறாமல் இருக்கக் கை தானாகச் செய்யும் வேலை அது. நம்மில் பலர் உட்கார்ந்தால் காலை ஆட்டுகிறோம், பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுகிறோம், அதையெல்லாம் யாரும் கேள்வியாகக் கேட்பதில்லை.

ஏன் என்பதற்கு என்னிடம் இருக்கும் பதில் சின்னதுதான். பிறந்ததிலிருந்து அவன் அப்படித்தான், அவன் அம்மாவே சொல்லியிருக்கிறார். சின்ன வயதில் ஏதாவது நடந்துவிட்டதா, யாராவது அடித்தார்களா என்று சிலர் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை.

எப்படி இருக்கீங்கன்னு கேட்டா பேசாம நிக்கறார். திமிரா?

திமிர் இல்லை. நீங்கள் கேட்டதை உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொண்டு, உண்மையான பதிலைத் தேடிக்கொண்டிருக்கிறான். நாம் ‘எப்படி இருக்கீங்க’ என்று கேட்பது தகவலுக்காக இல்லை, ‘நான் உங்களைக் கவனித்தேன்’ என்று காட்டிக்கொள்ளத்தான். மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1923-லேயே இப்படிப்பட்ட பேச்சுக்குத் தனியாக ஒரு பெயர் வைத்தார். சொற்களின் பொருளைவிட, பேசிக்கொள்வதால் உண்டாகிற ஒட்டுதலுக்காகவே நடக்கும் பேச்சு என்று அதை விளக்கினார். பெரும்பாலானவர்களுக்கு இந்தப் பேச்சு சொல்லிக்கொடுக்காமலே வந்துவிடுகிறது. இவனுக்கு வரவில்லை.

ஒரு தடவை என் அத்தை வாசலில் அவனைப் பார்த்து நலம் விசாரித்துவிட்டு, பதில் வராததால் முகம் சுருங்கி உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து இவன் அவரைத் தேடிக்கொண்டு உள் அறைக்கே போய், “நேத்தைக்கு இன்னைக்குப் பரவாயில்லை அத்தை, ஆனா இடது முட்டி இன்னும் மடக்க முடியலை” என்றான். அத்தைக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த வீட்டில் நலம் விசாரித்த ஐம்பது பேரில் சரியான பதில் சொன்னவன் அவன் ஒருவன்தான்.

முகத்தைப் பார்த்தே பேச மாட்டேங்கறாரே, எதையாவது மறைக்கிறாரா?

கண்ணைப் பார்க்காதவன் பொய் சொல்கிறான் என்று நம்மில் பலர் நம்புகிறோம். ஆய்வுகளில் இந்த நம்பிக்கை நிற்கவில்லை, பார்வை விலகுவதை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்க முடியாது. சொல்லப்போனால் கடினமான கேள்வி ஒன்றைக் கேட்டால் யாராக இருந்தாலும் யோசிக்கும் நேரத்தில் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள், நீங்களும்தான். எதிரில் இருக்கும் முகத்தில் அவ்வளவு விஷயம் நடக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டே யோசிப்பது மூளைக்குக் கூடுதல் வேலை.

அவனுக்கு அந்தக் கூடுதல் வேலை எப்போதும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். “கண்ணைப் பார்க்கணும்னா பார்க்கறேன், ஆனா அப்ப நீ சொல்றது காதுல விழாது, எது வேணும்?” என்று என்னிடம் கேட்டிருக்கிறான். காதில் விழட்டும் என்றேன். அதிலிருந்து நாங்கள் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில் நடந்துகொண்டோ, ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டோதான் பேசுகிறோம். நீங்களும் செய்து பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

ஒரு கேள்வி கேட்டா பதில் வர்றதுக்குள்ள நமக்கே கேள்வி மறந்துடுது. காது கேக்கலையா?

நன்றாகக் கேட்கும், நம்மைவிட அதிகமாகவே. இங்கே ஒரு கணக்கைச் சொன்னால்தான் விஷயம் புரியும். 2009-ல் பத்து மொழிகளை ஒப்பிட்டு வெளியான ஓர் ஆய்வில், ஒருவர் கேட்டு முடித்ததற்கும் அடுத்தவர் பதில் தொடங்குவதற்கும் நடுவில் உள்ள இடைவெளி சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் என்று தெரிந்தது. கண்ணை ஒரு தடவை சிமிட்டும் நேரம்கூட அதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருக்கலாம். அவ்வளவு வேகமாக மாறி மாறிப் பேசிப் பழகியவர்களுக்கு ஒரு முழு நொடி மௌனமே உறுத்தும், மூன்று நொடி என்றால் ஏதோ தப்பாகிவிட்டது என்று தோன்றும்.

இவனுக்கு எட்டு நொடி, பத்து நொடி ஆகும். நான் கடிகாரம் வைத்தே பார்த்திருக்கிறேன், அவனுக்குத் தெரிந்துதான். அந்த நேரத்தில் நாம் செய்யும் தப்பு, கேள்வியை வேறு வார்த்தையில் மறுபடி கேட்பது. உதவி செய்கிறோம் என்று நினைத்துத்தான் கேட்கிறோம், ஆனால் அவன் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாகிவிடுகிறது. ஒரு தடவை கேளுங்கள், அப்புறம் வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். வரும் பதில் காத்திருந்ததற்குத் தகுந்ததாக இருக்கும், இதை என் சொந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

நேருக்கு நேர் வந்தும் தெரியாத மாதிரி போயிட்டார். அன்னைக்குதான் ரெண்டு மணி நேரம் பேசினோம்!

உண்மையாகவே தெரிந்திருக்காது. அவனுக்கு முகங்கள் நினைவில் நிற்பதில்லை. முகத்தை அடையாளம் காண முடியாத இந்த நிலைக்கு 1947-ல் ஜெர்மானிய மருத்துவர் போடாமர் ‘ப்ரோசோபக்னோசியா’ என்று பெயர் வைத்தார். அவர் பார்த்தது மூளையில் அடிபட்டவர்களை, ஆனால் பிறவியிலேயே இப்படி இருப்பவர்களும் உண்டு என்று பிற்பாடு தெரியவந்தது. நூறு பேரில் இரண்டு பேர் வரை ஓரளவுக்கு இப்படி இருக்கலாம் என்பது மதிப்பீடு. அவர்களில் பலர் அதை யாரிடமும் சொல்வதில்லை, ‘எனக்கு ஞாபகசக்தி கம்மி’ என்று சமாளித்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

குரலும் நடையும் அவனுக்கு நன்றாக நினைவிருக்கும். என்னையே அவன் தூரத்தில் அடையாளம் காண்பது நான் வலது தோளைக் கொஞ்சம் இறக்கி நடப்பதை வைத்துத்தான். ஒரு தடவை தோளில் பை மாட்டிக்கொண்டு போனேன், அன்றைக்கு என்னைத் தாண்டிப் போய்விட்டான். ஆகவே நீங்கள் முதலில் பேசுங்கள், பெயரைச் சொல்லி ஆரம்பித்தால் இன்னும் நல்லது. ‘என்னைத் தெரியுதா, சொல்லுங்க பார்ப்போம்’ என்ற விளையாட்டு மட்டும் வேண்டாம். அவனுக்கு அது விளையாட்டாக இருக்காது.

ஒரே கலர் சட்டை, ஒரே நாற்காலி, ஒரே வழி. போரடிக்காதா?

அவனிடம் கேட்டேன். “போரடிக்கறதுக்கு நேரம் எங்க இருக்கு?” என்றான். சத்தம், வெளிச்சம், மனிதர்கள், திடீர் மாற்றங்கள் என்று வெளியிலிருந்து அவனுக்குள் போகிறவை ஏற்கெனவே அதிகம், அதனால் தன் கையில் உள்ளதை மட்டுமாவது மாறாமல் வைத்துக்கொள்கிறான். சட்டை விஷயத்தில் நிறம் முக்கியமே இல்லை, துணி முக்கியம், கழுத்துப்பட்டிக்குப் பின்னால் தைத்திருக்கும் அந்தச் சின்ன லேபிள் அவனுக்கு நாள் முழுக்க முள் மாதிரி குத்தும். குத்தாத சட்டை ஒன்று கிடைத்ததும் அதிலேயே ஆறு வாங்கிவிட்டான்.

வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டா வருவாரா? கூப்பிடறதா வேண்டாமா?

கூப்பிடுங்கள். ‘அவருக்குப் பிடிக்காது’ என்று நீங்களாகவே முடிவு செய்து விட்டுவிடுவதுதான் அவனுக்கு அதிகம் வலிக்கும். அவன் முன்னால் மற்ற எல்லோரையும் கூப்பிட்டுவிட்டு, அவன் பக்கம் வந்ததும் பேச்சை மாற்றியதை நான் பார்த்திருக்கிறேன். அவனும் பார்த்தான்.

எப்படிக் கூப்பிடுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எத்தனை மணிக்கு, ஏறக்குறைய எத்தனை பேர், எவ்வளவு நேரம், மைக் செட் உண்டா, தனியாகக் கொஞ்சம் உட்கார ஓர் அறையோ மொட்டை மாடியோ இருக்கிறதா, இதையெல்லாம் முன்கூட்டியே எழுதி அனுப்பிவிட்டால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது. போனில் சொல்ல வேண்டாம், எழுத்தில் சொல்லுங்கள். ‘சும்மா எப்ப வேணா வாங்க’ என்பது நமக்கு அன்பான அழைப்பு, அவனுக்கு விடை தெரியாத கணக்கு. வந்தால் நாற்பது நிமிடம் இருப்பான், சொல்லிக்கொண்டோ சொல்லாமலோ கிளம்பிவிடுவான். நாற்பது நிமிடம் இருந்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

காலண்டர் பத்தி ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டேங்கறாரே, எப்படி நிறுத்தறது?

அவனைத் தெரியாதவர்களுக்கு: நாட்காட்டிகளின் வரலாறுதான் அவனுக்கு உயிர். 1582-ல் போப் கிரிகோரி நாட்காட்டியைத் திருத்தியபோது அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆனது, பிரிட்டன் அதை ஏற்க 1752 வரை காத்திருந்தது, செப்டம்பர் 2-ல் படுத்தவர்கள் 14-ல் எழுந்தார்கள், சுவீடன் பாதி வழியில் குழம்பிப்போய் 1712-ல் பிப்ரவரிக்கு 30 நாள் கொடுத்தது, ரஷ்யா 1918-ல்தான் மாறியது, 1900 லீப் வருடம் இல்லை ஆனால் 2000 லீப் வருடம். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று நினைக்கிறீர்கள்? கேட்டுக் கேட்டுத்தான்.

நிறுத்துவது மிகவும் சுலபம். ‘எனக்குப் போதும், இப்ப வேற பேசலாம்’ என்று சொல்லுங்கள். அவ்வளவுதான். கொட்டாவி விடுவது, கடிகாரத்தைப் பார்ப்பது, ‘அப்படியா, அப்படியா’ என்று இழுப்பது, இவை எதுவும் அவனுக்கு எட்டாது. நேராகச் சொன்னால் கோபமே வராது, சொன்னதற்காக நன்றிகூடச் சொல்லுவான். இது சொல்லத் தெரியாமல் ஒன்றரை மணி நேரம் தவித்துவிட்டு, அப்புறம் என்னிடம் வந்து புலம்பியவர்கள் எத்தனையோ பேர்.

ஆனால் எப்போதும் நிறுத்தாதீர்கள். ஒருவன் தனக்கு மிகவும் பிடித்ததை உங்கள் முன்னால் எடுத்து வைக்கிறான். அந்தச் சுவீடன் பிப்ரவரி 30-ஐச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? விரல்கள்கூட நின்றுவிடும்.

அவருக்கு ஆட்டிசமா? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?

அதிகம் வரும் கேள்வி இதுதான், நான் நேரடியாகப் பதில் சொல்லாத ஒரே கேள்வியும் இதுதான். ஒருவருடைய மருத்துவ விவரத்தை அவர்தான் சொல்ல வேண்டும், நண்பன் சொல்லக் கூடாது. உங்கள் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று உங்கள் நண்பரிடம் யாராவது கேட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

பொதுவாகத் தெரிந்துகொள்ள விரும்புபவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். லியோ கானர் என்ற மருத்துவர் 1943-ல் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் இன்றைய அர்த்தத்தில் ஆட்டிசம் பற்றிய பேச்சு தொடங்குகிறது. அடுத்த வருடமே வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் இதேபோன்ற வேறு சில குழந்தைகளைப் பற்றி எழுதினார். ரொம்ப காலம் இவற்றைத் தனித்தனிப் பெயர்களில் சொல்லிவந்தார்கள். 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் தன் கையேட்டைத் திருத்தியபோது எல்லாவற்றையும் ‘ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் கொண்டுவந்தது. ஒலி, ஒளி, தொடுதல் போன்றவற்றைக் கூடுதலாகவோ குறைவாகவோ உணர்வதும் அப்போதுதான் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்ந்தது. அதே சமயம் கண்ணைப் பார்க்காதவர், கூட்டம் பிடிக்காதவர் எல்லோருக்கும் ஆட்டிசம் என்று ஆகிவிடாது. கூச்சம் வேறு, காது கேளாமை வேறு, மனச்சோர்வு வேறு, சும்மா குணம் என்பதும் ஒன்று இருக்கிறது. அதைப் பயிற்சி பெற்றவர்கள் நேரம் எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பெயர் தெரிந்தால்தான் ஒருவரிடம் ஒழுங்காக நடந்துகொள்ள முடியும் என்பதில்லை. மேலே நான் சொன்ன எதற்காவது ஒரு மருத்துவச் சான்றிதழ் தேவைப்பட்டதா?

இப்படி இருக்கறவங்கெல்லாம் பெரிய மேதையாமே?

கேட்பவர்கள் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். இயற்பியலாளர் பால் டிராக் அவ்வளவு குறைவாகப் பேசுவாராம், கேம்பிரிட்ஜில் கூட வேலை பார்த்தவர்கள் மணிக்கு ஒரு வார்த்தை பேசுவதை ஒரு ‘டிராக்’ என்று விளையாட்டாக அளவு வைத்தார்கள். அவருக்கு 1933-ல் நோபல் பரிசு கிடைத்தது. பியானோ கலைஞர் க்ளென் கூல்ட் எங்கே போனாலும் தன் அப்பா உயரம் குறைத்துக் கொடுத்த மடக்கு நாற்காலியைத்தான் கொண்டுபோவார், வாசிக்கும்போது முணுமுணுத்துக்கொண்டே வாசிப்பார், 1964-க்கு அப்புறம் மேடைக் கச்சேரியே செய்யவில்லை. பூமியின் அடர்த்தியை 1798-ல் கண்டு சொன்ன ஹென்றி கேவண்டிஷ் வீட்டு வேலைக்காரப் பெண்களிடம் பேசக் கூச்சப்பட்டுச் சீட்டு எழுதி வைப்பார் என்பார்கள்.

எல்லாம் சரி, ஆனால் இவர்களை நமக்குத் தெரிவது இவர்கள் சாதித்ததால். இதே பழக்கங்களோடு எதுவும் சாதிக்காமல், பெயர் தெரியாமல் வாழ்ந்து போனவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். என் நண்பன் மேதை இல்லை. கணக்கில் சராசரி, வேலையில் கவனமானவன். மேதையாக இருந்தால் பொறுத்துக்கொள்வோம் என்று சொன்னால், இல்லாதவனை என்ன செய்வதாக உத்தேசம்? இந்தக் கேள்வி மட்டும் எனக்குக் கொஞ்சம் கோபம் வரவைக்கும்.

உணர்ச்சியே கிடையாதா அவருக்கு?

என் அப்பா இறந்த அன்று வந்தவர்களில் பலர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். இவன் வந்தான், என்னை விட்டு இரண்டடி தள்ளி நின்றான், “உனக்கு இப்ப கூடப் பேச ஆள் வேணுமா, வேலை செய்ய ஆள் வேணுமா?” என்றான். வேலை என்றேன், ஏதோ வாயில் வந்ததைச் சொன்னேன். நேராக அப்பாவின் அலமாரிக்குப் போனவன் தரையில் உட்கார்ந்து, அதிலிருந்த அத்தனை காகிதங்களையும் பிரித்தான். சாயங்காலம் என் முன்னால் நான்கு உறைகள் இருந்தன. மேலே பென்சிலில், சின்னக் கையெழுத்தில், ‘இந்த வாரம்’, ‘இந்த மாதம்’, ‘அவசரமில்லை’, ‘அப்பா எழுதியது, நீ மட்டும் பார்’. அந்த நான்காவது உறையை அவன் படிக்கவில்லை, ஒட்டியிருந்தான். பக்கத்தில் என் சித்தப்பா மகள், “ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே இவர்” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், 2012-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். இப்படிப்பட்டவர்களுக்கு மற்றவர் மனது புரிவதில்லை என்றுதான் எப்போதும் சொல்கிறோம், ஆனால் மற்றவர்களுக்கும் இவர்கள் மனது புரிவதில்லையே, புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறதே என்றார். எனக்கு அதைப் படித்ததும் நினைவுக்கு வந்தது அந்தப் பென்சில் கையெழுத்துதான்.

சரி, ஆனா முகத்துக்கு நேரா எதையாவது சொல்லிப் புண்படுத்திடறாரே. எல்லாத்தையும் பொறுத்துப் போகணுமா?

வேண்டாம். நான் இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு ‘அவன் என்ன செய்தாலும் சரி’ என்று யாராவது நினைத்தால் அது தப்பு. விலகிய பார்வை, லேபிள் வெட்டிய சட்டை, நாற்பது நிமிடத்தில் கிளம்புவது, இவற்றால் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் ஒருவருக்கு உண்மையாகவே காயம் பட்டால் அது காயம்தான், எந்த எண்ணத்தில் பட்டிருந்தாலும்.

நான் ஒரு தடவை வேலை போய் இரண்டு மாதம் வீட்டில் யாருக்கும் சொல்லாமல் இருந்தேன், அவனுக்கு மட்டும் தெரியும். ஒரு நாள் என் மாமனார் சாதாரணமாக ‘மாப்பிள்ளைக்கு வேலை எப்படிப் போகுது?’ என்று அவனிடம் கேட்க, இவன் “அவனுக்கு வேலை போயி ஏழு வாரம் ஆச்சு” என்று சொல்லிவிட்டான். அன்றைக்கு வீட்டில் நடந்ததை எழுத மாட்டேன். பதினாறு நாள் நான் அவனோடு பேசவில்லை. அப்புறம் உட்கார்ந்து பேசினோம். ரகசியம் என்று நீ சொல்லவில்லையே என்றான், சொல்லாமலே தெரிய வேண்டாமா என்றேன், எப்படித் தெரியும் என்றான். அவன் கேட்டது நியாயமான கேள்வி, நான் பட்டதும் உண்மையான அவமானம். இரண்டையும் வைத்துக்கொண்டு ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம்: வெளியே போகக் கூடாததை நான் ‘இது நமக்குள்ள’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சந்தேகம் வந்தால் அவன் ‘அவனையே கேளுங்க’ என்று மட்டும் சொல்ல வேண்டும். அதற்கு அப்புறம் இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவன் தவறவில்லை. நீங்களும் புண்பட்டால் அவனிடமே, எந்த வார்த்தை, ஏன் வலித்தது என்று சொல்லுங்கள். மனதில் வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பினால் அவனுக்கு அது என்றைக்குமே தெரியப்போவதில்லை, காலண்டர் கேள்வியில் சொன்ன அதே காரணம்தான்.

கொஞ்சம் மத்தவங்க மாதிரி மாறிக்கச் சொல்லக் கூடாதா? பழகினா வரும்.

வந்தது. ஒரு வேலையில் மேலதிகாரி சொன்னார் என்பதற்காக ஒன்பது மாதம் எல்லோரையும் போல இருந்தான். எதிராளியின் புருவங்களுக்கு நடுவில் பார்த்தால் கண்ணைப் பார்க்கிற மாதிரியே இருக்கும் என்று கண்டுபிடித்தான், யார் சிரித்தாலும் ஒரு நொடி கழித்துச் சிரித்தான், நலம் விசாரித்தால் ‘நல்லா இருக்கேன், நீங்க?’ என்று சொல்லக் கண்ணாடி முன் பழகினான். எல்லோரும் ‘இப்ப எவ்வளவு நல்லா மாறிட்டார்’ என்று பாராட்டினார்கள். அந்த ஒன்பது மாதமும் அவன் வீட்டுக்கு வந்ததும் விளக்கைக்கூடப் போடாமல் இருட்டில் தரையில் படுத்துக்கிடந்தான். சில நாட்கள் பேச்சே வராது. இந்த மாதிரி மறைத்து நடிப்பது உடம்பையும் மனதையும் எவ்வளவு களைப்பாக்குகிறது என்று அனுபவித்தவர்கள் எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு எழுத்து தேவைப்படவில்லை, கதவைத் திறந்தவன் நான்தான்.

குழந்தைங்க கேட்டா என்ன சொல்றது?

குழந்தைகளால் ஒரு சிக்கலும் இல்லை. என் மகள் நான்கு வயதில் அவனிடமே “நீங்க ஏன் விரலைத் தொடறீங்க?” என்று கேட்டாள். யோசித்துவிட்டு “அப்பத்தான் எனக்கு நல்லா காது கேக்கும்” என்றான். அவளும் கொஞ்ச நேரம் தொட்டுப் பார்த்தாள், “எனக்கு அப்படியேதான் கேக்குது” என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். ‘உஷ், அப்படியெல்லாம் கேக்கக் கூடாது’ என்று இழுத்துக்கொண்டு போகாமல் இருந்தாலே போதும்.

நீங்க எப்படித்தான் இத்தனை வருஷம் பழகறீங்க? உங்களுக்கு அதுல என்ன?

அவன் ஒன்று சொன்னால் அது அப்படியே இருக்கும். வருகிறேன் என்றால் வருவான், நன்றாக இருக்கிறது என்றால் நன்றாக இருக்கிறது. நான் எழுதியது பிடிக்கவில்லை என்றால் எந்த வரியில் என்று காட்டுவான். அவனோடு இருக்கும்போது நான் எதையும் ஊகிக்க வேண்டியதில்லை. அந்த நிம்மதியை நான் வேறு யாரிடமும் அனுபவித்ததில்லை. பேசாமல் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார முடிகிற மனிதர்கள் உங்களுக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

நீங்க இப்படி எழுதறது அவருக்குத் தெரியுமா?

தெரியும். முழுவதையும் படித்துவிட்டுத்தான் சரி என்றான். இரண்டு திருத்தம் சொன்னான். முதலாவது, பத்தொன்பது வருடம் ஆகவில்லை, பதினெட்டு வருடம் ஏழு மாதம்தான். இரண்டாவது, ஒரு கேள்வி விட்டுப்போயிருக்கிறது, உன்னைப் பற்றி என்னிடம் என்ன கேட்கிறார்கள் என்று நீ எழுதவே இல்லை என்றான். என்ன கேட்கிறார்கள் என்றேன். வழக்கமான அந்த எட்டு நொடி. “நான் பக்கத்துல நிக்கும்போதே ஏன் உன்கிட்ட கேக்கறாங்க, நீயும் ஏன் பதில் சொல்றேன்னு கேக்கறாங்க. எல்லாரும் இல்லை, ரெண்டு பேர்.”

அதற்கு எனக்குப் பதில் இல்லை. போன மாதத்திலிருந்து அவன் கூட இருக்கும்போது யாராவது என்னைப் பார்த்து அவனைப் பற்றிக் கேட்டால், நான் அவன் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு நிற்கிறேன். கேட்டவர்கள் திணறுகிறார்கள், சிலர் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். போன வாரம் அத்தை காத்திருந்தார்.